தங்கை கல்யாணத்துக்குப் பத்தமடைப் பாய்: நெய்பவர்கள் கைக்கே பணம் போக எப்படி வாங்குவது?

வீரவநல்லூர்_தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் வீரவநல்லூர், வேலை பெங்களூரில். தங்கைக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறோம். எங்கள் ஆச்சி கல்யாணத்துக்கு வந்த, பக்கத்து ஊரான பத்தமடையில் கோரைப் புல்லில் நெய்த பாய் இன்னும் பரணில் பழைய வேட்டியில் சுற்றி இருக்கிறது, ஓரத்துச் சிவப்புப் பட்டை மங்கிவிட்டதே தவிர ஒரு கோரை கூட உடையவில்லை. அதைப் பார்த்ததிலிருந்து தங்கைக்கும் அப்படி ஒன்று, மாப்பிள்ளை பெண் பெயர் போட்டு நெய்ததாக வேண்டும் என்று ஆசை. கூடவே தாம்பூலத்துக்குக் கோரையில் தைத்த சின்னப் பை 200 தேவைப்படும்.

போன மாதம் ஊருக்கு வந்தபோது பத்தமடைக்கே ஒரு நடை போய் வந்தேன். ஒரு கடையில் பாய் காட்டினார்கள், நன்றாகவும் இருந்தது. ஆனால் இதை நெய்தது யார், அவர்களுக்கு இதில் எவ்வளவு போகும் என்று கேட்டதும் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அதற்கு முன்னால் ஆன்லைனில் "ஒரிஜினல் பத்தமடை" என்று போட்டிருந்த ஒன்றை வாங்கிப் பார்த்தேன், பிரித்தால் நைலான் நூலில் ஓட்டிய இயந்திரப் பாய். திருப்பி அனுப்பிவிட்டேன்.

எனக்கு இப்போது தெரிய வேண்டியது இதுதான். நெய்கிற வீட்டுக்கே நேராகப் போய்ச் சொல்லலாமா, அது அவர்களுக்குத் தொந்தரவா? முன்பணம் எவ்வளவு கொடுப்பது வழக்கம்? அம்மா பேரம் பேசாமல் எதையும் வாங்க மாட்டாள், எனக்கோ இதில் பேரம் பேச மனசு வரவில்லை, ஆனால் கல்யாணச் செலவில் எனக்கும் ஒரு எல்லை இருக்கிறது. கைத்தறிப் பாய்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இன்றைக்கு ஆடி இருபது, தைக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறதே, நிதானமாகச் சொல்லலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தறிவீடு:

அண்ணா, எங்கள் வீடு பத்தமடைதான். உம்மாவும் பெரியும்மாவும் கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து பாய் நெய்கிறார்கள். நான் திருநெல்வேலியில் கணக்கு எழுதுகிற வேலையில் இருக்கிறேன், லீவு நாளில் தறியில் உட்காருவேன்.

முதலில் ஒன்று. நிதானமாகச் சொல்லலாம் என்று இருந்துவிடாதீர்கள், இந்த வாரமே சொல்லுங்கள். கோரையைப் பச்சையாக இருக்கும்போதே கிழிக்க வேண்டும். உம்மா சின்னக் கத்தி ஒன்றைப் பெருவிரலோடு சேர்த்துப் பிடித்துத் தண்டின் நடுவில் குத்தி அப்படியே நீளத்துக்கு இழுப்பார்கள், உள்ளே வெள்ளையாக இருக்கும் சோற்றைச் சுரண்டிவிட்டுத் தோலை மட்டும் வெயிலில் போடுவார்கள். அது காய்ந்து, ஓடுகிற தண்ணீரில் நாள் கணக்கில் ஊறி, மறுபடி காய்ந்து, சாயம் ஏறி, திரும்பவும் காய வேண்டும். எத்தனை தடவை காய்கிறது என்று பாருங்கள். ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்தால் காயப்போட இடமே கிடையாது. ஈரம் நின்ற கோரையில் பூசணம் கரும்புள்ளியாக விழும், புள்ளி விழுந்தது நயம் பாய்க்கு ஆகாது. தைக் கல்யாணத்துக்கு வேண்டிய கோரை புரட்டாசிக்குள் சாயம் ஏறி வீட்டுக்குள் கட்டி வைத்திருந்தால்தான் மழை நாளில் உட்கார்ந்து நெய்யலாம். கார்த்திகையில் வந்து "அவசரம், கூடுதலாகத் தருகிறேன்" என்பவர்கள் உண்டு, வெயிலை எங்கே போய் வாங்குவது?

அடுத்து கவுண்டு, அதாவது பாவு நூல் (தறியில் நீளவாக்கில் கட்டுகிற நூல்) எவ்வளவு நெருக்கம் என்கிற கணக்கு. எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நயம். சாதாரணப் பாய் 50 கவுண்டு வாக்கில் இருக்கும், நயமானது 100 முதல் 140 வரை போகும். 140-இல் கோரையை முடி மாதிரி கிழிக்க வேண்டும், அதற்குக் கை பழகியவர்கள் ஊரில் இப்போது குறைவு. பருத்திப் பாவும் உண்டு, பட்டுப் பாவும் உண்டு. நீங்கள் யூடியூபில் பார்த்துவிட்டு 140-தான் வேண்டும் என்று நிற்காமல், "இவ்வளவுதான் என்னால் முடியும், இதற்குள் எது நன்றாக வரும்" என்று கேளுங்கள். அகலத்தைக் குறைக்கலாம், கவுண்டைக் குறைக்கலாம், பட்டுப் பாவுக்குப் பதில் பருத்தி போடலாம். அப்படிக் கேட்பது பேரம் இல்லை. சொன்ன விலையில் ஐந்நூறு குறை என்று நிற்கும்போதுதான் அது உம்மாவின் கூலியிலிருந்து போகிறது. நூல்காரரோ சாயக்கடைக்காரரோ ஒரு பைசா குறைக்க மாட்டார்கள் அல்லவா?

முன்பணம் பாதியாவது கொடுங்கள். முன்பணம் இல்லாமல் ஆர்டர் வந்தால் என்ன ஆகும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஆற்றங்கரையில் போய் வெட்டிக்கொண்டு வந்த காலம் முடிந்தது, கோரையையும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம். கையில் காசு இல்லாவிட்டால் நூலையும் கோரையையும் வியாபாரியிடம் கடனுக்கு எடுப்பார்கள். கடனுக்கு எடுத்தால் அடுத்து நெய்கிற பாய்களை அவருக்கே கொடுக்க வேண்டும், அவர் சொல்கிற விலைக்கு. உங்களிடமிருந்து நாலு மாதம் முன்னால் வருகிற பாதிப் பணம் அந்தக் கடனை வாங்க விடாமல் செய்கிறது. கடைசியில் நீங்கள் கூடுதலாக ஆயிரம் ரூபாய் கொடுப்பதை விட இது பெரிய உதவி.

பெயர் போடுவதென்றால் இன்னொன்று. நாலு வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டிலிருந்து ஒருவர் போனிலேயே ஆர்டர் சொன்னார், முன்பணமும் அனுப்பவில்லை, தெரிந்தவர் சொன்னார் என்று உம்மா ஒத்துக்கொண்டார்கள். நெய்து முடிக்கும் நேரத்தில் கல்யாணத் தேதி தள்ளிப்போய்விட்டது என்றார், அப்புறம் போனே எடுக்கவில்லை. வேறு இரண்டு பேர் பெயர் போட்ட பாயை யாரிடம் விற்பது? இன்றைக்கும் எங்கள் நடுவீட்டுச் சுவரோரம் அது சுருட்டி நிற்கிறது. ஒட்டடை அடிக்கும்போதெல்லாம் உம்மா அதை எடுத்து, ஒரு தட்டுத் தட்டி, திரும்ப அங்கேயே வைப்பார்கள்.

ஜங்ஷன்_கடை:

தம்பி, நான் திருநெல்வேலியில் கைவினைப் பொருள் கடை வைத்திருக்கிறேன். மேலே தங்கச்சி சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் கடைக்காரன் என்றாலே நடுவில் நின்று தின்கிறவன் என்று பலரும் எழுதுகிறார்கள், அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

கல்யாணத்துக்கு ஒரு பாய் வாங்குகிற நீங்கள் வருஷத்துக்கு ஒரு தடவை கூட வரப்போவதில்லை. ஆடி மாதிரி கல்யாணம் இல்லாத மாதத்தில் பாயை வாங்கி அடுக்கி வைக்கிறவர் யார்? ஒரு கடையோ, ஒரு கூட்டுறவு சங்கமோ, பூம்புகார் மாதிரி அரசு நிறுவனமோதான். எலி கடிக்காமல், ஈரம் படாமல் வைத்துக் காப்பதும் செலவுதான். அந்தச் செலவுக்கு ஒரு லாபம் வைப்பதில் எனக்கு வெட்கம் இல்லை.

வெட்கப்பட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. "பாயை வைத்துவிட்டுப் போ, விற்றால் பணம்" என்கிற ஏற்பாடு. என் அப்பா காலத்தில் எங்கள் கடையிலும் அப்படித்தான் நடந்தது. முதல் எல்லாம் நெய்தவருடையது, அலமாரி மட்டும்தான் நம்முடையது. ஆறு மாதம் கழித்து மங்கலாகிவிட்டது என்று திருப்பிக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? ஒரு தடவை ஒரு அம்மா திரும்பி வந்த மூன்று பாயையும் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனதை நான் கல்லாவில் உட்கார்ந்து பார்த்தேன். கடை என் கைக்கு வந்ததும் அதை நிறுத்திவிட்டேன். இப்போது நான் குறைவாக வாங்குகிறேன், ஆனால் வாங்கும் அன்றே பணம் கொடுத்துவிடுகிறேன்.

அதனால் கடையில் வாங்குவது தப்பு என்று ஒதுக்காதீர்கள். ரொக்கத்துக்கு வாங்குகிறீர்களா, விற்றபின் கொடுக்கிறீர்களா என்று கடைக்காரரிடம் நேராகக் கேளுங்கள். ரொக்கத்துக்கு வாங்குபவர் தயங்காமல் பதில் சொல்வார். முடிந்தால் நெய்தவர் பெயரைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது பாயில் நானே சீட்டு ஒட்டி வைப்பேன்.

காவிரிக்கரை:

நான் கரூர் பக்கம். நைலான் நூல் பாய் என்று கேள்வியில் படித்ததும் சின்ன வருத்தம், அதனால் எழுதுகிறேன். எங்கள் பக்கமும் நாமக்கல், முசிறி பக்கமும் கோரையை வயலில் பயிராகவே போடுகிறோம், ஒரு தடவை நட்டால் பல வருஷம் அறுக்கலாம். விசைத்தறியில் பாய் ஓட்டித்தான் எங்களில் பல குடும்பம் நடக்கிறது. பிளாஸ்டிக் பாய் வந்து எங்களையும்தான் அடித்தது. தினமும் விரித்துப் படுக்க, குழந்தையைப் போட, எங்கள் பாய் நல்ல பாய், விலையும் கையில் அடங்கும். அதைக் "கரூர்ப் பாய்" என்று சொல்லி விற்றால் யாருக்கும் நஷ்டமில்லை. பத்தமடை என்று பொய்ப்பெயர் போட்டு விற்பது எங்களுக்கும் கேடு, அவர்களுக்கும் கேடு. பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு (ஊர்ப் பெயருக்கான சட்டப் பாதுகாப்பு) இருக்கிறது, அந்தப் பெயரைப் போட்டு விற்க நெய்பவர்கள் தங்களை அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொள்ளலாம். வாங்குகிறவர்கள் அந்தப் பதிவைக் கேட்டால்தான் அது காகிதத்தை விட்டு வெளியே வரும்.

வித்தியாசம் கையிலேயே தெரியும். விசைத்தறிப் பாய் விறைப்பாக நிற்கும், நூல் வழுவழுவென்று மின்னும். பத்தமடை நயம் பாயைத் தூக்கிப் பிடித்தால் துணி மாதிரி தொங்கும்.

குழுஅக்கா_அம்பை:

தம்பி, பாய் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் அந்த 200 பை பற்றிச் சொல்கிறேன், அதில்தான் எங்களுக்கு அடி விழுந்தது.

அம்பாசமுத்திரம் பக்கம் மகளிர் சுய உதவிக் குழுக்களோடு பல வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். கோரைப் பை, பர்ஸ், டேபிள் மேட் தைக்கிற குழு ஒன்று, பன்னிரண்டு பெண்கள். ஒரு பெரிய ஊர்க் கம்பெனி தீபாவளிப் பரிசுக்கு 1,000 பை கேட்டது. கைவினைஞர்களை ஆதரிக்கிறோம் என்று படமெல்லாம் எடுத்துப் போட்டார்கள். எங்கள் பெண்களுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இருந்த மெஷின் போதாது என்று குழுக் கடனில் இரண்டு தையல் மெஷின் வாங்கினார்கள். பாதி தைத்தபின் கைப்பிடி நீளத்தை மாற்றச் சொன்னார்கள். அனுப்பியபின் நிறம் ஒரே மாதிரி இல்லை என்று 140 பையைக் கழித்துவிட்டார்கள். கோரை எங்காவது ஒரே நிறத்தில் வருமா, ஒரே கட்டிலேயே அடியில் ஒரு பச்சை, நுனியில் ஒரு மஞ்சள் இருக்கும். பணம் மாசி மாதம்தான் வந்தது. அடுத்த தீபாவளிக்கு அவர்கள் வேறு பரிசுக்குப் போய்விட்டார்கள். கடன் தவணை மட்டும் மாதா மாதம் வந்தது. ஒரு மெஷினை விற்றோம், இன்னொன்றில் இப்போது பள்ளிச் சீருடை தைக்கிறார்கள்.

ஒரே அடியாக 1,000 வாங்கிவிட்டுக் காணாமல் போவதை விட மாதம் 30 பை, வருஷம் முழுக்க என்று ஒருவர் சொன்னால் அந்தப் பன்னிரண்டு பேரும் வீட்டுச் செலவைக் கணக்குப் போட்டுக்கொள்ள முடியும். எங்களோடு நிலைத்து நின்றது யார் தெரியுமா, ஒரு சின்ன இயற்கை அங்காடிக்காரர். மாதம் 40 பைக்கு மேல் அவர் கேட்டதே இல்லை, ஆனால் ஆறு வருஷமாகக் கேட்கிறார், ஐந்தாம் தேதிக்குள் பணம் வந்துவிடும். பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும் என்றால் எங்கள் பெண்கள் அந்த ஐந்தாம் தேதியைச் சொல்லித்தான் பள்ளியில் தவணை கேட்பார்கள்.

உங்களுக்கு 200 ஒரே நாளில்தான் தேவை, சரி. ஆனால் ஆவணியிலிருந்து மாதம் 50 என்று தைத்து அனுப்பச் சொல்லுங்கள், அந்தந்த மாதமே பணம் கொடுங்கள். மாதிரிப் பை ஒன்றை முதலில் தைத்து, அளவும் கைப்பிடியும் பேசி முடித்துவிட்டு அப்புறம் மாற்றாதீர்கள். நிறம் கொஞ்சம் முன்பின் இருக்கும் என்பதை இப்போதே ஒத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள், சின்னப் பைகளில் நிறைய விசைத்தறிப் பாயை வெட்டித் தைத்ததுதான், முழுதும் கையால் நெய்த பாயில் தைத்தால் உங்கள் கணக்குத் தாங்காது. தையலில் கூலி கிடைக்கிறது, அதுவும் நல்லதுதான். ஆனால் வாங்குபவருக்கு எது எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இதைப் படிக்கிற யாராவது கம்பெனிக்காக வாங்குவதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன். உத்யம் என்கிற மத்திய அரசின் சிறுதொழில் பதிவு செய்த குறுந்தொழிலிடம் சரக்கு எடுத்தால் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டு சட்டமே இருக்கிறது, தாமதித்தால் வட்டி. குழுக்களும் அந்தப் பதிவைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. எங்களிடம் அப்போது பதிவு இல்லை, அதனால்தான் மாசி வரை வாயை மூடிக்கொண்டு இருந்தோம்.

கடனைப் பொறுத்தவரை, தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் வரை கடனும் அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் உண்டு, 35 வயது ஆகியிருக்க வேண்டும். மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். ஆனால் ஆர்டர் கையில் இல்லாமல் கடன் வாங்க வேண்டாம் என்று என் பெண்களுக்கு நான் இப்போது சொல்லிவிடுகிறேன்.

வீரவநல்லூர்_தம்பி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அம்மாவுக்கு மொத்தத்தையும் படித்துக் காட்டினேன். சுவரோரம் நிற்கிற அந்தப் பாய் விஷயம் வந்ததும் "நாம பாதி இல்லை, முக்கால் பணம் அனுப்பிடுவோம்" என்றாள். கரூர் அண்ணாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், வந்தவர்கள் உட்கார ஜமுக்காளத்துக்குப் பதிலாக உங்கள் ஊர்ப் பாய் பத்து வாங்கலாம் என்று இருக்கிறேன். குழு அக்கா, பை விஷயத்தை நீங்கள் சொன்னபடி மாதம் 50 என்றே வைத்துக்கொள்கிறோம்.

தறிவீடு, உங்கள் உம்மாவிடமே சொல்லலாமா? வேறு வீட்டில் வேலை இல்லாமல் யாராவது இருந்தால் அவர்களிடம் கொடுத்தாலும் சரி. தங்கை பெயர் தமிழ்ச்செல்வி, மாப்பிள்ளை பெயர் கொஞ்சம் நீளம், சிவசுப்பிரமணியன். தேதியும் போட முடியுமா?

தறிவீடு:

உம்மாவிடம் கேட்டேன் அண்ணா. கையில் ஏற்கெனவே ஒரு பாய் இருக்கிறது, அதனால் உங்களுடையதைப் பெரியும்மா நெய்வார்கள். அவர்கள் தறி ஆனியிலிருந்து சும்மாதான் கிடக்கிறது. முக்கால் பணம் வேண்டாம், பாதி போதும், மீதியைப் பாயைப் பார்த்தபின் கொடுங்கள் என்று சொல்லச் சொன்னார்கள். எண்ணைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.

சிவசுப்பிரமணியன் அந்த அகலத்தில் நிற்காது. வீட்டில் அவரைக் கூப்பிடுகிற பெயர் என்ன? சிவா என்றால் இரண்டு பெயரும் நடுவில் அழகாக உட்காரும், தேதிக்கும் இடம் வரும். எழுத்தைக் காகிதத்தில் எழுதி, வீட்டில் எல்லோரும் பார்த்து, இந்த வெள்ளிக்கிழமைக்குள் போட்டோ அனுப்புங்கள். பட்டை சிவப்பா பச்சையா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், சனிக்கிழமை பெரியும்மா சாயம் வாங்கப் போகிறார்கள்.